ஆமா போட்டவள்

“ஊரைக் கேட்டா, அந்தப் பிள்ள மதுரையில இருக்கா!”

“ஆமா, மதுரையில இருக்கா!”

“மதுரையில போயிக் கேட்டா, அப்படி ஒரு பிள்ள இங்கன இல்லவே இல்ல!”

“ஆமா, இல்லவே இல்ல!”

“அப்பம் அவ எங்கனதான் இருக்கா?”

“ஆமா, எங்கனதான் இருக்கா?”

சபை சிரித்தது. பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். புரட்டாசி மாதத்து ஞாயிறு, பகல் மூன்று மணி. வில்லின் நடுவில் கையில் வீசுகோலோடு கோமதி. அவள் பக்கத்தில் குடத்தோடு நான். எனக்கு அடுத்து கட்டை தட்டிக்கொண்டு சாகுல். மேடை ஓரத்தில் ஒரு டேப்ரிக்கார்டர் சிவப்பு விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்குச் சிரிப்பில் புரையேறியது நன்றாக நினைவிருக்கிறது.

வில்லுப்பாட்டு பார்க்காத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் இருப்பவர் கதை சொல்வார். பக்கத்தில் குடம் அடிப்பவர், அவர் எதைச் சொன்னாலும் ‘ஆமா’ போட்டு, அந்த வரியின் வாலைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ராஜா வேட்டைக்குப் போனாலும் ஆமா, ராஜாவைப் புலி தின்றாலும் ஆமா. அதுதான் முறை. ஆமா எவ்வளவு கணீரென்று விழுகிறதோ, அவ்வளவுக்குக் கதை களைகட்டும். எனக்கு இயல்பிலேயே தொண்டை பெரிது. பதினாலு தட்டச்சு மிஷின்களின் சத்தத்தைத் தாண்டிக் கத்திப் பழகிய தொண்டை.

“இருக்கிற பிள்ள போனா ஊரு தேடும்!”

“ஆமா, ஊரு தேடும்!”

“இல்லாத பிள்ள இல்லாமப் போனா யாருக்குத் தெரியும்?”

“ஆமா, யாருக்குத் தெரியும்?”

“இன்னியோட இந்தக் கதை முடிஞ்சுபோச்சு!”

“ஆமா, முடிஞ்சுபோச்சு!”

குடத்தில் ஓங்கி மூன்று அடி அடித்து முடித்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஒலிநாடா இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கடைசிப் பகுதியில் பதினோரு ஆமா. எண்ணியிருக்கிறேன். ஒன்றைவிட ஒன்று கணீரென்று, சந்தோஷமாக. என் குரலைக் கேட்டு நானே அருவருத்துப்போனது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

பதினோராம் நம்பர் மிஷின்

இந்தத் தொடரில் இதுவரை எங்கள் தட்டச்சுப் பள்ளியின் வேடிக்கைகளையே எழுதிவந்தேன். “ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பிள்ளைகள் பாட்டும் கூத்துமாக இருப்பார்களே, அதைப் பற்றி ஏன் எழுதவில்லை?” என்று தென்காசி வாசகி ஒருவர் கேட்டிருந்தார். எழுதாததற்குக் காரணம் உண்டம்மா. இன்று எழுதிவிடுகிறேன்.

டவுனில் ரதவீதியை ஒட்டிய ஒரு சந்தில், பாத்திரக்கடை மாடியில் எங்கள் பள்ளி. அப்பா தொடங்கியது. அவருக்குப் பிறகு நான் நடத்தினேன். மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய பிள்ளைகள் ஏப்ரலில் கூட்டமாக வந்து சேரும். ரிசல்ட் வரும்வரை வீட்டில் சும்மா இருந்தால் பெற்றவர்களுக்கு ஆகாது.

அந்த வருடத்துக்கு முந்தின வருடம், பதினோராம் நம்பர் மிஷினில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் நான்கு நாள் ஆப்சென்ட் போட்டேன். ஐந்தாம் நாள், “வரட்டும் அவன், காதைத் திருகுதேன்” என்று சத்தமாகச் சொன்னேன்.

பத்தாம் நம்பரில் இருந்தவன் தலையைத் தூக்காமல் சொன்னான்: “அவன் வர மாட்டான் டீச்சர்.”

வீட்டில் கேட்டதற்குக் காய்ச்சல் என்றார்கள். தெருவும் காய்ச்சல் என்றது. காய்ச்சல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். துக்கம் கேட்கப் போன நானும், “என்ன காய்ச்சலோ, பாவி, பிள்ளைய இப்படிக் கொண்டுபோயிட்டே” என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பதிவேட்டைத் திறந்து, நான்கு சிவப்பு எழுத்துகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறந்துபோன பிள்ளையை வரவில்லை என்று திட்டியிருக்கிறேன்.

மார்க்கு போடாத இடம்

பாளையங்கோட்டைக்கு அப்போதுதான் மனநலம் பார்க்கும் பெண் மருத்துவர் ஒருவர் வந்திருந்தார். அவருடைய தங்கை என்னிடம் தட்டச்சு ஹையர் கிரேடு படித்தாள். அந்தப் பழக்கத்தில் அவரிடம் போய்ப் புலம்பினேன்.

“இந்தப் பிள்ளைகளுக்குப் பேச ஒரு இடம் வேணும். அங்கே யாரும் மார்க்கு போடக் கூடாது. வரையட்டும், பாடட்டும், சும்மாகூட இருக்கட்டும். நீங்க காதைத் திறந்து வைங்க. ஒரு பிள்ளை மேலே சந்தேகம் வந்தா சுத்தி வளைக்காமல் நேராகக் கேளுங்க. கேட்டுட்டு என்கிட்டே கூட்டிட்டு வாங்க” என்றார்.

ஆக ஞாயிற்றுக்கிழமை மிஷின்களுக்கு உறைபோட்டு ஓரமாகத் தள்ளினோம். பாய் விரித்தோம். முதலில் படம் வரைந்தார்கள். பிறகு குறுக்குத்துறை ஆற்றில் இருந்து இரண்டு வாளி வண்டல் கொண்டுவந்து பொம்மை பிடித்தார்கள். என் அம்மா காலத்துப் பித்தளை வாளி ஒன்று அதில் போயே போய்விட்டது.

நான் ஒரு கண் வைத்திருந்தது சாகுல்மேல். மேலப்பாளையத்துப் பையன். வாப்பா துபாயில், உம்மா வீட்டில் பீடி சுற்றினார். பையன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். ஒரு நாள் மண்ணில் வாசலே இல்லாத வீடு ஒன்று செய்து வைத்திருந்தான். எனக்குப் பகீரென்றது. உடனே மருத்துவருக்குப் போன் போட்டேன். அவர் மெனக்கெட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த வீட்டில் வாசல் எங்கப்பா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இது பின்பக்கம் மேடம். வாசல் அந்தப் பக்கம் இருக்கு” என்று வீட்டைத் திருப்பிக் காட்டினான்.

இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருந்த நான்தான் கோமதியைக் கோட்டை விட்டேன்.

பிள்ளைகளுக்குக் கடைசியில் பிடித்துக்கொண்டது வில்லுப்பாட்டு. அவர்களே வரி கட்டுவார்கள். கட்டியதை ஒரு நோட்டில் எழுதிவைப்பது சாகுல் வேலை. என் பங்குக்கு நான் ஒரு வாக்கியம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். “மனசுல என்ன கெடந்தாலும் பாட்டுல போட்டுரு.” அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நானே பெரிய ஞானியாகத் தெரிந்தேன்.

சாம்பாரில் கத்திரிக்காய் தேடியவள்

கோமதியும் அந்த ஏப்ரலில் தட்டச்சுக்குச் சேர்ந்தவள். அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க். நல்ல சைவக் குடும்பம், டவுனிலேயே, வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒரு வளவுத் தெருவில் வீடு. கோமதி நல்ல மார்க்கில் பாஸ் என்று தெருவெல்லாம் லட்டு கொடுத்தார்கள். எனக்கும் வந்தது, தின்றேன். மதுரையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள் என்றார்கள். ஆனாலும் ஞாயிறு தவறாமல் பையும் கையுமாக வந்துவிடுவாள்.

அவள் வந்தால்தான் கூட்டமே கூட்டம். ஹாஸ்டல் கதைகளை அவள் சொல்லக் கேட்க வேண்டும். வார்டன் சாவிக்கொத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவது, தேனிக்காரத் தோழி தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்வது, சாம்பாரில் கத்திரிக்காயைக் கண்டுபிடித்தவளுக்கு மற்றவர்கள் மாலை போட்டது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கும். சாகுல்கூடச் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரிப்பான்.

ஒரு ஞாயிறு மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிட்டாள். நான் மிஷினுக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தேன். பத்து விரலும் மை.

“டீச்சர், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“பாட்டுக்கா?”

“பாட்டுக்கில்ல. ஆனா பாட்டு மாதிரிதான்.”

“அப்பம் பாட்டுல போட்டுரு. நல்லா வரும்.”

“சரி டீச்சர்” என்று போய்ப் பாயை விரிக்க ஆரம்பித்தாள். நான் ரிப்பனைச் சுற்றி முடித்தேன். அப்போது என் தலைக்குள் இருந்ததெல்லாம் ஆண்டு விழாதான். ஒரு சங்கத்தார் தங்கள் விழாவில் எங்கள் பிள்ளைகளை மேடையேறக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டுச்சேலையை இஸ்திரிக்குக் கொடுத்திருந்தேன். மார்க்கு போடாத இடம் என்று தொடங்கிய ஒன்று எப்போது கைதட்டலுக்கு அலைய ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை.

நோட்டில் இல்லாத வரிகள்

மறுபடி மண்டபத்துக்கு வருகிறேன். பாட்டு முடிந்து பெரியவர்கள் பேசினார்கள். எல்லோருக்கும் புளியோதரைப் பொட்டலம் கொடுத்தார்கள். கோமதி என்னிடம் வந்தாள்.

“டீச்சர், வில்லையும் குடத்தையும் நானே ஆட்டோவுல கொண்டுபோயி வச்சிடுதேன். சாவியக் குடுங்க. நீங்க பைய இருந்து பேசிட்டு வாங்க.”

“ஊருக்கு பஸ் பிடிக்கணும்லா?”

“அதுக்கு நேரம் கெடக்கு.”

கன்னத்தைக் கிள்ளிச் சாவியைக் கொடுத்தேன்.

விழா முடிந்து, நாற்காலி வாடகைக்காரர்கள் வந்து, எல்லாம் ஒழுங்கானபோது ஐந்து மணி ஆகிவிட்டது. சாகுல் மட்டும் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் அந்த நோட்டு.

“டீச்சர், கடைசியில அவ பாடுனது நோட்டுல இல்ல.”

“மேடையில தோணியிருக்கும். நல்லாத்தானே இருந்துச்சு?”

அவன் நகரவில்லை. சட்டைப்பையில் இருந்து ஒரு மைப்பேனாவை எடுத்தான். கோமதியின் பேனா. யார் கேட்டாலும் தர மாட்டாள்.

“போவும்போது இதை என்கிட்ட குடுத்துட்டா. ஹாஸ்டல்ல எழுத வேண்டாமான்னு கேட்டேன். இனி வேண்டாம், நீ வச்சுக்கோன்னுட்டா.”

எனக்கு இன்னும் உறைக்கவில்லை. எவ்வளவு மந்தம் பாருங்கள்.

“டீச்சர், அவ கதை சொல்லல. தன்னப் பத்திச் சொன்னா.”

“அவதான் மதுரையில படிக்காளே?”

“அந்தப் பிள்ளையும் மதுரையிலதான இருந்துச்சு.”

அவள் பாடிய வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இல்லாத பிள்ளை. இல்லாமல் போனால். இன்னியோட.

“ஏலே, ஒனக்கு அப்பமே தெரிஞ்சிருந்தா மேடையிலேயே ஏன் சொல்லல?”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “நீங்க ஆமா போட்டீங்கள்லா டீச்சர். ஒங்களுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சேன்.”

சாயங்கால பஸ்

ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். சாகுல் சைக்கிளில் பின்னாலேயே வந்தான். வீட்டு முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். விழாவுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள். பிள்ளை என்னமாய்ப் பாடினாள் என்று கோமதியின் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் விழாவுக்கு வந்திருக்கவில்லை. இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்றார்.

“கோமதி இருக்காளா?” என்றேன், மூச்சிரைக்க.

“அவ சாயங்கால பஸ்ஸுக்கு மதுரைக்குப் போயிட்டாளே டீச்சர். நாளைக்கு வகுப்பு இருக்குல்லா.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாகுலைப் பார்த்து, “ஒம் பேச்சைக் கேட்டு இப்படி ஓடியாந்தேன் பாரு” என்று கடிந்துகொண்டு திரும்பி நடந்தேன். தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டேன்.

“டீச்சர், நில்லுங்க.”

கோமதியின் அம்மா. இடுப்பில் காலிப் பிளாஸ்டிக் குடம். தண்ணீருக்குப் போகிறவள்போல வந்திருந்தாள். குழாயடியில் யாரும் இல்லையா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“ஹாஸ்டலே இல்ல டீச்சர்.”

எனக்குப் புரியவில்லை.

“எம்பிள்ள பாஸாகல. கணக்குல போயிட்டு. அவுக ஆபீசுல பாஸுன்னு சொல்லிட்டாக. லட்டும் குடுத்தாச்சு. பொறவு மாத்திச் சொல்ல முடியல. காலேஜு தொறந்ததும், மதுரைக்குப் போயிட்டான்னு சொல்லணும்லா. அதான் வீட்டுக்குள்ளயே வச்சிருக்கோம்.”

“வீட்டுக்குள்ளயா? எவ்வளவு நாளா?”

“ஆடியில இருந்து.”

திங்கள் முதல் சனி வரை புழக்கடை அறையில் இருப்பாளாம். ஜன்னல் திறக்கக் கூடாது. ரேடியோ வைக்கக் கூடாது. ஞாயிறு விடியும் முன் பையைத் தூக்கிக்கொண்டு பின்சந்து வழியாக வெளியேறி, பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, வெளுத்த பிறகு முன்வாசல் வழியாக மதுரையில் இருந்து வருகிறவளாக வர வேண்டும். சாயங்காலம் தெரு பார்க்கப் பையோடு கிளம்பிப் போய், இருட்டியதும் பின்சந்து வழியாகத் திரும்பிவிட வேண்டும். அப்பா சொன்ன அந்தச் சாயங்கால பஸ், ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிச் சொல்லிப் பழகிய பஸ்.

“இருமல் வந்தாக்கூடத் தலகாணிய வச்சுப் பொத்திக்கிடுவா டீச்சர். சிரிச்சுக்கிட்டே இருப்பா. அதான் நான்...”

மூன்று மாதம். நாங்கள் விலா வலிக்கச் சிரித்த வார்டனும், வாய்ப்பாடு சொல்லும் தேனிக்காரியும், சாம்பார்க் கத்திரிக்காயும், ஜன்னல் சாத்திய அறைக்குள் ஒற்றையாக உட்கார்ந்து அவள் உண்டாக்கியவை. ஒவ்வொரு வாரமும் அதைக் கேட்டு, “ஹாஸ்டல்னா ஒனக்குக் கொண்டாட்டந்தான் போ” என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

“இன்னிக்கு அவ பையை எடுக்கல டீச்சர்” என்றாள் அம்மா. “காலையில வெறுங்கையோட போயிட்டா. மத்தியானந்தான் பாத்தேன். அவுககிட்ட சொன்னா, மறந்திருப்பான்னுட்டாக.”

“சாவி அவகிட்டதான இருக்கு” என்றான் சாகுல்.

ஏழாம் நம்பர் மிஷின்

ரதவீதியில் நவராத்திரிக் கூட்டம். பட்டுச்சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். டீச்சரம்மா ஓடுகிறாள் என்று ஊர் வேடிக்கை பார்த்தது. பின்னால் கோமதியின் அம்மா, கையில் அந்தக் காலிக் குடத்தோடு.

பாத்திரக்கடை சாத்தியிருந்தது. படியில் காலை வைத்தபோது கேட்டது. டக், டக், டக். ஒற்றை மிஷின் சத்தம். பதினாலு மிஷினின் சத்தமும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். இது ஏழாம் நம்பர், தமிழ் மிஷின். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. மற்ற இருவரையும் கீழே நிற்கச் சொல்லி மேலே போனேன்.

விளக்குப் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். காலடியில் கசக்கிப்போட்ட தாள்கள்.

“வாங்க டீச்சர்” என்றாள், வகுப்புக்கு வந்தவள்போல.

“என்னட்டி பண்ணுதே?”

“அம்மைக்கு ஒரு லெட்டரு. தப்பு விழுந்துக்கிட்டே இருக்கு. இது நாலாவது தாளு.”

ஒரு தப்பு விழுந்தாலும் தாளைக் கழற்றி முதலில் இருந்து அடிக்க வேண்டும் என்பது எங்கள் பள்ளியின் சட்டம். அப்பா போட்டது, நான் அதைவிடக் கறாராகப் பிடித்துவைத்தது. எத்தனை பிள்ளைகள் அதற்காக என்னைச் சபித்திருப்பார்கள். அன்று அந்த மூன்று தாள்தான் எங்களுக்கு நேரம் வாங்கிக் கொடுத்திருந்தது.

மிஷினில் இருந்த தாளைப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் படிக்க முடியவில்லை.

“ஏட்டி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

என் ஆயுளில் நான் கேட்டதிலேயே வெட்கங்கெட்ட கேள்வி இது.

“சொன்னேனே டீச்சர். ரிப்பன் மாத்துன அன்னிக்கும் சொல்ல வந்தேன். பாட்டுல போடச் சொன்னீங்க, போட்டேன். இன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி சொன்னேன்.” குரலில் கோபமே இல்லை. “நீங்க ஆமா ஆமான்னீங்க.”

அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். உனக்கென்ன குறை என்றோ, அப்பா அம்மாவை நினைத்துப் பார் என்றோ சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கினேன். நேராகக் கேளுங்கள் என்று மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பதினோராம் நம்பர் வீட்டில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்த அதே வாயால் கேட்டேன்.

“செத்துப்போகணும்னு நெனைக்கியாட்டி?”

மிஷினில் இருந்து விரலை எடுத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆமா டீச்சர்.”

அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் தடுக்கவில்லை. அழுது முடிக்கும்வரை அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். ரிசல்ட் வந்த நாள். லட்டு வாங்கிவந்த அப்பாவின் முகம். முதல் நாள் ஜன்னலைச் சாத்தியது. வெளியே தெருப்பிள்ளைகள் விளையாடும் சத்தத்தை வைத்து மணி பார்த்தது. நான் ஆமா போடவில்லை. அவள் நிறுத்தும்போதெல்லாம், “பொறவு?” என்று மட்டும் கேட்டேன். அவள் மறுபடி சொன்னாள். “பொறவு?” என்றேன். ஜன்னலில் வெளிச்சம் போய்த் தெருவிளக்கு வந்தது.

ஓர் இடத்தில் சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றுவிட்டாள்.

“பொறவு?”

மூக்கை உறிஞ்சினாள்.

“பொறவு... பசிக்கி டீச்சர்.”

கைப்பையில் எனக்குக் கொடுத்த புளியோதரைப் பொட்டலம் அப்படியே இருந்தது. அம்மாவை மேலே கூப்பிட்டேன். மிஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து அவள் மகளுக்கு அதை உருட்டிக் கொடுத்தாள். சாகுல் படியிலேயே காவல் இருந்தான். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பேனாவை நீட்டி, “நல்லா எழுதல, நீயே வச்சுக்கோ” என்றான். பச்சைப் பொய்.

அன்று ராத்திரி அவளைத் தனியே விடக் கூடாது என்று மருத்துவர் போனில் சொன்னார். அம்மாவும் நானும் அவள் இரண்டு பக்கமும், பள்ளியிலேயே பாய் விரித்துப் படுத்தோம். அப்பாவுக்குச் சாகுல் போய்த் தகவல் சொன்னான். அவர் வரவில்லை.

வாசல்

கோமதிக்குப் பல மாதம் சிகிச்சை நடந்தது. ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. நல்ல நாளும் இருந்தது, பொல்லாத நாளும் இருந்தது. மறுவருடம் கணக்கு எழுதிப் பாஸானாள். ஞாயிற்றுக் கூட்டத்துக்குத் திரும்பி வந்த முதல் நாளே, “குடத்துக்குச் சாகுல் உக்காரட்டும் டீச்சர். நீங்க பாயில இருந்து கேளுங்க” என்று சொல்லிவிட்டாள். சரிதான் என்று பாயில் போய் உட்கார்ந்தேன். இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள்.

ஆனால் அதற்கெல்லாம் முந்தி, மறுநாள் காலை நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

அம்மாவும் மகளும் விடியுமுன்னே வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஏழு மணிக்கு நான் அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். வீட்டு முன்வாசல் விரியத் திறந்திருந்தது. கோமதி குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக் காலையில், தெரு பார்க்க, வாசல் நிறைய அடைத்து ஒரு பெரிய கோலம். அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள். மாவு தீரத் தீர எடுத்துக் கொடுத்தாள். தெருவில் ஆள் நடமாடியும் உள்ளே போகவில்லை.

உள்ளே கூடத்தில் அப்பா. செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

எதிர்வீட்டு அம்மாள் பால் வாங்க வந்தவள் நின்றுவிட்டாள்.

“ஏட்டி கோமதி! நேத்துதான மதுரைக்குப் போனே? எப்பம் வந்தே?”

கோமதி நிமிர்ந்தாள். முந்தின நாள் அழுததில் முகம் வீங்கியிருந்தது.

“நான் போகவே இல்ல அத்தை. இங்கனதான் இருந்தேன்.”

“இங்கனயா?”

“ஆடியில இருந்தே இங்கனதான் இருக்கேன்.”

அந்த அம்மாள் அவளைப் பார்த்தாள், அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு திறந்த வாசலுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

“என்ன அண்ணாச்சி, பிள்ள என்னமோ சொல்லுதா? இங்கனதான் இருந்தாளாமே?”

செய்தித்தாள் அசையவில்லை. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கோமதி குனியாமல், கையில் மாவோடு, உள்ளே பார்த்தபடியே நின்றாள்.

தாள் கீழே இறங்கியது. ஒரே ராத்திரியில் முகம் ஒட்டிப்போயிருந்தது அவருக்கு. தொண்டையைச் செருமினார்.

“ஆமா” என்றார்.